வாய்ஸ் டெஸ்ட்டா, பாலிகிராஃபா, இல்ல வக்கீலோட போய் நேரா பேசுறதா? ஸ்டேஷன்ல கேட்டா எதுக்கு ஒத்துக்கணும்?

கொஞ்ச நாளா ஒரே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. மன்னார்குடி பக்கம் கொள்முதல் நிலையத்துல நெல்லு மூட்டை குறையுதுன்னு அங்க வேலை பாக்குற எல்லாரையும் விசாரிக்கிறாங்க, தம்பிகிட்ட "ஒரு மிஷின் முன்னாடி பேசு, நீ சொல்றது நெசமா பொய்யான்னு உன் குரலே சொல்லிடும்"னு சொல்றாங்களாம், ஒத்துக்கலாமா? கும்பகோணத்துல ஒரு வீட்டுல நகை காணோம், அங்க பாத்திரம் தேய்க்கப் போற அம்மாவைக் கூப்பிட்டு வாய்ஸ் டெஸ்ட் எடுக்கணும்ங்கிறாங்க, மாட்டேன்னா நம்ம மேலதானே சந்தேகம் வரும்? இன்னொருத்தர் நகையைப் பறிகொடுத்தவரு, அவரு கேக்குறது நேர் எதிர்: வேலைக்காரங்க எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லி நான் எழுதிக் குடுக்கலாமா?

என் பதிலை இப்பவே சொல்லிடுறேன். குரல் டெஸ்ட்டுக்கு ஒத்துக்காதீங்க, மத்தவங்களுக்கு எடுக்கச் சொல்லியும் கேக்காதீங்க. பாலிகிராஃப், அதாவது உடம்புல ஒயர் மாட்டி மூச்சு, நாடித்துடிப்பு பாக்குற டெஸ்ட், வேற கதை, அதுக்கு ரொம்ப அபூர்வமா ஒரு நேரம் உண்டு. ஏன்னு கீழ விவரமா எழுதுறேன், ஏன்னா "ஒத்துக்காத"ன்னு சும்மா சொன்னா ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்கிறவருக்கு அது பத்தாது.

எதை வச்சு எடை போடணும்

நான் அஞ்சு விஷயம் பாக்குறேன். நெசமாவே பொய்யைக் கண்டுபிடிக்குமா. தப்பு பண்ணாதவங்களை மாட்டிவிட எவ்வளவு வாய்ப்பு. நம்ம சம்மதத்தை யாரு முன்னாடி, எப்படிப் பதியுறாங்க. வர்ற ரிசல்ட்டு கோர்ட்டுல என்ன ஆகும், கோர்ட்டுக்கு வெளிய என்ன ஆகும் (இது ரெண்டும் வேற வேற, இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க). கடைசியா செலவு, அலைச்சல், ஊர்ப்பேச்சு.

அவசரத்துல இருக்கிறவங்களுக்காக ஒரு அட்டவணை:

| | குரல் டெஸ்ட் | பாலிகிராஃப் | நார்கோ (மயக்க ஊசி) | டெஸ்ட் இல்லாம வக்கீலோட |
|---|---|---|---|---|
| கண்டுபிடிக்குமா | குருட்டாம்போக்கு | ஓரளவு, தப்பும் வரும் | நம்ப முடியாது | ஆதாரம் இருந்தா உறுதியா |
| சம்மதப் பதிவு | பல நேரம் வாய்மொழிதான், பதிவே இருக்காது | மாஜிஸ்ட்ரேட் முன்னாடி | மாஜிஸ்ட்ரேட் முன்னாடி | தேவையில்லை |
| கோர்ட்டுல ரிசல்ட்டு | சாட்சியம் ஆகாது | சாட்சியம் ஆகாது | சாட்சியம் ஆகாது | ஆவணம் நிக்கும் |
| மறைஞ்சிருக்கிற செலவு | மிரட்டுறதுக்குப் பயன்படும் | சென்னைப் பயணம், மணிக்கணக்கா விசாரணை | உடம்புக்கே ஆபத்து | வக்கீல் ஃபீஸ், கொஞ்சம் பொறுமை |

1. குரல் டெஸ்ட் (வாய்ஸ் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ்)

இது புதுசா வந்த டெக்னாலஜி மாதிரி சொல்லுவாங்க, புதுசு இல்ல. 1970 வாக்குல அமெரிக்க ராணுவத்துல இருந்து வெளிய வந்த அதிகாரிங்க சிலர் டெக்டர்னு ஒரு கம்பெனி வச்சு இந்த மாதிரி மிஷினை முதல்ல வித்தாங்க. 1988-ல கம்ப்யூட்டர்ல ஓடுற சிவிஎஸ்ஏ வந்துச்சு, அப்புறம் இஸ்ரேல்ல நெமிசிஸ்கோங்கிற கம்பெனி லேயர்டு வாய்ஸ் அனாலிசிஸ்னு, சுருக்கமா எல்விஏன்னு, ஒண்ணு கொண்டாந்துச்சு. நம்ம நாட்டுலயும் இந்தப் பேரு அடிபடுது, 2024-ல கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரிப் பெண் டாக்டர் கொலை வழக்குல சிபிஐ பாலிகிராஃபோட சேத்து எல்விஏவும் பண்ணதா கோர்ட்டுல சொல்லுச்சு.

இதுக்குப் பின்னாடி சொல்ற காரணம் என்னன்னா, நம்ம கை கால் தசையெல்லாம் கண்ணுக்குத் தெரியாம நொடிக்கு 8-லேருந்து 12 தடவை நடுங்கிக்கிட்டே இருக்கும், இது நெசம், ஓலோஃப் லிப்போல்டுங்கிற உடலியல் ஆராய்ச்சியாளர் இதைப் பத்தி எழுதியிருக்காரு. மிஷின்காரங்க அதை எடுத்து, தொண்டைத் தசையிலயும் அதே நடுக்கம் இருக்கு, பொய் சொல்லும்போது டென்ஷன்ல அது அடங்கிடும், அதை எங்க மிஷின் பிடிச்சிடும்னு சொன்னாங்க. ஆனா குரல்வளைத் தசையில அப்படி ஒரு நடுக்கம் இருக்குன்னே ஆராய்ச்சியில உறுதியா காட்ட முடியல. அது இருக்குன்னே வச்சுக்கிட்டாலும் டென்ஷன் வேற பொய் வேற. ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதும் எந்தத் தப்பும் பண்ணாத மனுஷனுக்கும் தொண்டை அடைக்கும், பல தடவை போய் வந்து பழகினவனுக்கு அடைக்காது.

எல்விஏ இந்த நடுக்கத்தைப் பத்தியே பேசல, வேற ஒரு கணக்கு போடுறதா சொல்லுது. ஸ்வீடன்ல எரிக்சன், லாசெர்டான்னு ரெண்டு பேராசிரியருங்க அதோட காப்புரிமை ஆவணத்தை எடுத்துப் படிச்சுப் பாத்து, குரலை டிஜிட்டலா மாத்தும்போது தானா உண்டாகுற மேடு பள்ளத்தைத்தான் இது எண்ணுது, மனசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு 2007-ல கட்டுரை எழுதினாங்க. கம்பெனி வழக்கு போடுவோம்னு மிரட்டினதும் பதிப்பகம் அந்தக் கட்டுரையை இணையத்துலேருந்து எடுத்துடுச்சு. ஒரு கருவி நெசமாவே வேலை செஞ்சா, திரும்பச் சோதனை பண்ணிக் காட்டினாலே போதும், வக்கீல் நோட்டீஸ் எதுக்குன்னு எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வருது.

இப்ப நம்பருக்கு வருவோம். அமெரிக்காவுல ஓக்லஹோமா மாவட்டச் சிறையில, கைதாகி வந்தவங்க 319 பேருகிட்ட சமீபத்துல போதைப்பொருள் எடுத்தீங்களான்னு கேட்டு, பதிலை சிவிஎஸ்ஏ, எல்விஏ ரெண்டுலயும் போட்டு, அப்புறம் சிறுநீர் பரிசோதனை பண்ணி யாரு பொய் சொன்னாங்கன்னு சரிபாத்தாங்க. அமெரிக்க நீதித்துறையோட ஆராய்ச்சிப் பிரிவு பணம் குடுத்து நடந்த ஆய்வு இது, முடிவை 2008-ல வெளியிட்டாங்க. பொய் சொன்னவங்கள்ல மிஷின் பிடிச்சது 15 சதவீதம். உண்மை சொன்னவங்கள்ல 8.5 சதவீதம் பேரைப் பொய்யருன்னு காட்டுச்சு. மொத்தத்துல காசு சுண்டிப் போட்டாலும் இதே அளவுதான் சரியா வரும்.

இதை நம்ம கொள்முதல் நிலையத்துக்குப் போட்டுப் பாருங்க. பட்டியல் எழுத்தர், காவலர், சுமைதூக்குறவங்கன்னு 20 பேரு, அதுல ஒருத்தருதான் திருடினாருன்னு வச்சுக்குவோம். மிஷின் அந்த ஒருத்தரைப் பிடிக்க வாய்ப்பு நூத்துக்கு 15. மீதி 19 பேருல சராசரியா ஒண்ணு ரெண்டு பேரைக் கைகாட்டும். அதாவது மிஷின் யார் பேரையாவது சொன்னா அது தப்பே பண்ணாத ஆளா இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, திருடினவரு பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாத்துட்டு இருப்பாரு.

ஜெயில்ல பொய் சொன்னா பெருசா நஷ்டம் இல்ல, அதான் டென்ஷன் வரல, அதான் பிடிக்கலன்னு மிஷின் விக்கிறவங்க சொல்லுவாங்க. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல ஹாரி ஹோலியன் குழு மின்சார ஷாக் பயத்தோட ஆட்களைப் பொய் சொல்ல வச்சே பாத்துட்டாங்க, அங்கயும் அதே குருட்டாம்போக்குதான். பிரிட்டன்ல அரசு உதவித்தொகை கேட்டு ஃபோன் பண்றவங்க குரலை இதே மாதிரி சாஃப்ட்வேர்ல போட்டு ஏமாத்துறவங்களைப் பிடிக்கப் பாத்தாங்க, சில வருஷம் பரிசோதிச்சுட்டு 2010-ல கைவிட்டாங்க.

அப்புறம் ஏன் போலீஸ் இதை விட மாட்டேங்குது? அதே ஓக்லஹோமா ஆய்வுல இன்னொரு நம்பர் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. குரலை மிஷின் பாக்குதுன்னு சொல்லிக் கேட்டப்ப 14 சதவீதம் பேருதான் பொய் சொன்னாங்க, முன்னாடி மிஷின் இல்லாம நடந்த ஆய்வுல 40 சதவீதம். ஆக மிஷின் ஒண்ணையும் அளக்கலன்னாலும், அளக்குதுங்கிற பயம் வேலை செய்யுது. விசாரணை பண்றவங்க பக்கத்துலேருந்து பாத்தா இது லாபமாத் தெரியும்.

ஆனா அந்தப் பயம் குத்தவாளி, குத்தமில்லாதவன்னு பிரிச்சுப் பாத்து வேலை செய்யாது. 1998-ல கலிஃபோர்னியாவுல எஸ்கான்டிடோங்கிற ஊருல 12 வயசுப் பொண்ணு வீட்டுக்குள்ளயே கொலை ஆச்சு. அவளோட அண்ணன், 14 வயசுப் பையன், அவனை சிவிஎஸ்ஏ முன்னாடி உக்கார வச்சு, நீ பொய் சொல்றேன்னு மிஷின் காட்டுதுன்னு சொல்லி மணிக்கணக்கா கேள்வி கேட்டாங்க. அந்தப் பையன் கடைசியில தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சு, ஞாபகமே இல்லாத ஒரு கொலையை ஒத்துக்கிட்டான். அப்புறம் அந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருந்த வேற ஒரு ஆளோட துணியில அந்தப் பொண்ணோட ரத்தம் இருக்குன்னு டிஎன்ஏ காட்டுச்சு, பையன் மேல இருந்த வழக்கு போச்சு, மிஷின் கம்பெனி நஷ்டஈடு குடுத்து சமாதானம் ஆச்சு. 2012-ல தான் நீதிபதி அவன் நிரபராதின்னு அதிகாரபூர்வமா அறிவிச்சாரு. தங்கச்சியைப் பறிகொடுத்த பையனுக்கு 14 வருஷம். இதைப் படிச்ச பிறகும் "சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போப்பா"ன்னு ஒருத்தர் சொன்னா அதைச் சும்மான்னு எடுத்துக்க என்னால முடியல.

இன்னொரு ஆபத்து, இதுல ஒயர் இல்ல. பாலிகிராஃபுக்கு நாற்காலி, பட்டை, விரல்ல கிளிப் எல்லாம் மாட்டணும், நமக்குத் தெரியாம எடுக்க முடியாது. குரலுக்கு ஒரு ரெக்கார்டிங் போதும். புது நடைமுறைச் சட்டத்துல, அதாவது பிஎன்எஸ்எஸ்ல, போலீஸ் வாக்குமூலத்தை ஆடியோ வீடியோவாவும் பதியலாம்னு இருக்கு, அது நல்லதுக்குத்தான், மிரட்டி வாங்கினா தெரியும். ஆனா அதே ரெக்கார்டிங்கை சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால உங்க வக்கீல் மூலமா, இந்த ரெக்கார்டிங்கை எந்தக் குரல் சோதனைக்கும் பயன்படுத்த எனக்குச் சம்மதம் இல்லன்னு எழுதிக் குடுத்து நகல் வச்சுக்கிறது நல்லது.

இது எப்ப நல்ல தேர்வு? உங்க பக்கத்துலேருந்து பாத்தா எப்பவுமே இல்ல. "குரல் சரியா இருக்கு"ன்னு வந்தா யாரும் உங்களை விட்டுட மாட்டாங்க, சரியில்லன்னு வந்தா விடவே மாட்டாங்க.

2. பாலிகிராஃப்

மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வேர்வை இதையெல்லாம் அளக்குறது. இது குரல் டெஸ்ட்டை விட மேல, அதைச் சொல்லித்தான் ஆகணும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003-ல ரெண்டையும் அலசினப்ப, ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைப் பத்திக் கேக்குற பாலிகிராஃப் குருட்டாம்போக்கை விட நல்லாவே மேல, ஆனா முழுசா நம்புற அளவுக்கு ரொம்பக் கீழன்னு சொல்லிச்சு. குரல் டெஸ்ட்டுக்கு அறிவியல் அடிப்படையே கிட்டத்தட்ட இல்லன்னு அதே அறிக்கை சொல்லிடுச்சு.

பெரிய வித்தியாசம் நடைமுறையில இருக்கு. 2010 மே 5-ம் தேதி செல்வி வழக்குல உச்சநீதிமன்றம் குடுத்த தீர்ப்பை ஒவ்வொரு வீட்டுலயும் தெரிஞ்சு வச்சுக்கணும். நார்கோ, பாலிகிராஃப், பிரெய்ன் மேப்பிங் (மூளை அலையை அளக்குறது) இதுல எதையும் யாருக்கும் கட்டாயப்படுத்தி எடுக்கக் கூடாது, அரசியலமைப்பு 20(3), 21 ரெண்டு பிரிவுக்கும் விரோதம். நீங்களா ஒத்துக்கிட்டாக்கூட தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல போட்ட விதிமுறைப்படிதான் நடக்கணும்: வக்கீல் இருக்கணும், உடம்புக்கும் மனசுக்கும் வழக்குக்கும் என்ன ஆகும்னு விளக்கணும், சம்மதத்தை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி பதியணும், சோதனையை ஆஸ்பத்திரி மாதிரி தனி அமைப்பு வக்கீல் முன்னிலையில பண்ணணும். ரிசல்ட்டு சாட்சியம் ஆகாது. ஆனா நீங்களா ஒத்துக்கிட்டு எடுத்த சோதனையில சொன்னதை வச்சுப் போய் ஒரு பொருளைத் தோண்டி எடுத்தா, அந்தப் பொருள் சாட்சியத்துக்கு வரும்.

குரல் டெஸ்ட் பேரு அந்தத் தீர்ப்புல இருக்கிற மூணுல இல்ல. அதைச் சொல்லி "இதுக்கு மாஜிஸ்ட்ரேட் எல்லாம் தேவையில்லை"ன்னு யாராவது பேசினா நம்பாதீங்க. நம்ம மனசுக்குள்ள இருக்கிறதை நம்ம விருப்பம் இல்லாம வெளிய இழுக்கக் கூடாதுங்கிறதுதான் தீர்ப்போட அடிப்படை, அது குரலுக்கும் அப்படியே பொருந்தும்னு உங்க வக்கீல் வாதாடலாம்.

பாலிகிராஃபோட மறைமுகச் செலவு நிறைய. 2012-ல திருச்சியில கடத்திக் கொல்லப்பட்டாரே தொழிலதிபர் ராமஜெயம், அந்த வழக்குல பத்து வருஷம் கழிச்சு பல பேருகிட்ட திருச்சி கோர்ட்டுல சம்மதம் கேட்டு, ஒத்துக்கிட்டவங்களை சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் 2023 ஜனவரியில சோதனை பண்ணாங்க. சோதனை முடிஞ்ச கையோட வழக்கும் முடிஞ்சுடுச்சான்னா இல்ல. ஆக பஸ்ஸு, தங்குறது, வேலைக்கு லீவு, ஊருல "அவனை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்களாமே"ங்கிற பேச்சு, இது எல்லாம் உங்க கணக்குல. சுகர், பிரஷர் மாத்திரை சாப்புடுறவங்க அதை முன்கூட்டியே சொல்லணும். ரொம்ப முக்கியம், மிஷின் மாட்டுறதுக்கு முன்னாடியும் கழட்டினதுக்குப் பின்னாடியும் நடக்குற பேச்சுதான் நெசமான விசாரணை, அங்கதான் வாய் தவறும்.

எப்ப ஒத்துக்கலாம்? வருஷக்கணக்கா சந்தேகப் பட்டியல்ல பேரு கிடக்கு, வேற ஆதாரத்தால வெளிய வர வழியில்ல, வழக்கு விவரம் தெரிஞ்ச உங்க வக்கீலே எடுக்கலாம்ங்கிறாரு, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி ஒழுங்கா பதியுறாங்க. இது நாலும் சேந்தா யோசிக்கலாம். ஒண்ணு குறைஞ்சாலும் வேணாம்.

3. நார்கோ, பிரெய்ன் மேப்பிங்

இதுக்கு நீளமா எழுத ஒண்ணும் இல்ல. நார்கோன்னா சோடியம் பென்டதால் ஊசி போட்டு அரை மயக்கத்துல பேச வைக்கிறது, அந்த நிலையில மனுஷன் கேக்குறவரு எந்தப் பக்கம் இழுக்குறாரோ அந்தப் பக்கம் பேசுவான். நிரபராதின்னு நிரூபிக்க எனக்கு நார்கோ எடுங்கன்னு கேக்குறவங்களும் இருக்காங்க, 2025 ஜூன்ல அம்லேஷ் குமார் வழக்குல உச்சநீதிமன்றம் அது முழு உரிமை இல்ல, கோர்ட்டு எல்லாத்தையும் பாத்துதான் அனுமதிக்கும்னு சொல்லிடுச்சு. எந்தச் சூழ்நிலையிலும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

4. டெஸ்ட் வேணாம், வக்கீலோட போறேன், ஆதாரம் தர்றேன்

இதுதான் என் தேர்வு. மாட்டேன்னு சொல்றது குத்தம் இல்ல, சந்தேகத்துக்கு ஆதாரமும் இல்ல. போலீஸ் கேக்குற கேள்விக்கு உண்மையாப் பதில் சொல்லணும், ஆனா நம்மளையே குத்தத்துல மாட்டிவிடுற கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்ல, 1978-ல நந்தினி சத்பதி வழக்குலேருந்து இது உறுதியான சட்டம். விசாரணையில போலீஸ்கிட்ட சொன்னதை எழுதினா அதுல கையெழுத்து போடத் தேவையில்லை, பிஎன்எஸ்எஸ் 181-வது பிரிவே சொல்லுது. கைதானாலும் விசாரணை நேரத்துல வக்கீலைப் பாக்குற உரிமை 38-வது பிரிவுல இருக்கு.

இதுலயும் செலவு இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வக்கீல் ஃபீஸ். விஷயம் ஹைகோர்ட்டு வரைக்கும் போனா தஞ்சாவூர், திருச்சிக்காரங்க மதுரைக் கிளைக்குப் போகணும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரங்க சென்னைக்கு. "ஒத்துழைக்க மாட்டேங்குறான்"னு கொஞ்சம் கடுப்பாப் பேசுவாங்க, அதைத் தாங்கணும். காசு இல்லாதவங்க 15100-க்கு ஃபோன் பண்ணினா சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியா வக்கீல் கிடைப்பாரு, பெண்களுக்கும், கைதாகி காவல்ல இருக்கிறவங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசம்.

ஆதாரம்னா என்ன? அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு காட்டுற பஸ் டிக்கெட்டு, ஜிபே விவரம், டீக்கடை கேமரா, மூட்டை எடை போட்ட ரெஜிஸ்டர், லாரி நம்பர் எழுதின சீட்டு. இதுல கேமராவுக்குத்தான் அவசரம், ஹார்ட் டிஸ்க் அளவைப் பொறுத்து சில நாள்லயே பழசு அழிஞ்சு புதுசு ஏறிடும். அழியுறதுக்குள்ள அதை எடுத்து வைக்கச் சொல்லி முதல் நாளே எழுத்துல கேளுங்க.

நம்ம டெல்டாவுலயே இதுக்குச் சாட்சி இருக்கு. திருவாரூர் மாவட்டம் பத்தூர்லேருந்து கடத்தப்பட்ட நடராஜர் சிலை, லண்டன் கோர்ட்டுல ஜெயிச்சு 1991-ல திரும்பி வந்தாரு, அங்க பேசினது சிலையில ஒட்டியிருந்த மண்ணும் கரையான் அரிச்ச தடமும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுலேருந்து 2014-ல வந்தாருன்னா, கோயில்ல இருந்தப்பவே பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வச்ச போட்டோதான் பெரிய துணை. சிலை காணோம்னதும் குருக்களையும் வாட்ச்மேனையும் உக்கார வச்சுக் கேக்குறதுதான் வழக்கம், ஆனா சாமியைத் திருப்பிக் கொண்டாந்தது யாரோட குரலும் இல்ல.

குழம்பிக்கக் கூடாத ஒண்ணு: வாய்ஸ் சாம்பிள்

லஞ்ச வழக்கு, மிரட்டல் ஃபோன் வழக்குல எல்லாம் "உன் குரல் மாதிரி வேணும்"னு கேப்பாங்க. அது பொய் பிடிக்கிறதுக்கு இல்ல, ரெக்கார்டுல இருக்கிறது உங்க குரல்தானான்னு ஒப்பிட. மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டா அதைக் குடுத்துத்தான் ஆகணும், 2019-ல ரித்தேஷ் சின்ஹா வழக்குலயே முடிவாயிடுச்சு, இப்ப பிஎன்எஸ்எஸ் 349-வது பிரிவாவே இருக்கு. உத்தரவுக் காப்பியை வாங்கிப் பாருங்க, 349-ன்னு இருந்தா குடுங்க. குடுக்கிற இடத்துல எழுதி வச்சதை மட்டும் வாசிங்க, அங்க வழக்கைப் பத்தி கேள்வி கேட்டா வக்கீல் இல்லாம பதில் வேணாம்.

பறிகொடுத்தவங்களுக்கு

உங்க வேதனை புரியுது, பொண்ணு கல்யாணத்துக்குன்னு சேத்து வச்ச நகை போனா தூக்கம் வராது. ஆனா குரல் டெஸ்ட் கேட்டீங்கன்னா முன்னாடி போட்ட கணக்குப்படி எடுத்தவரு தப்பிச்சுப் போகவும், பத்து வருஷமா உங்க வீட்டுல உழைச்ச அம்மா மாட்டவும்தான் வாய்ப்பு அதிகம். அதுக்குப் பதிலா நகையோட போட்டோ, பில், எடை, ஹால்மார்க் விவரத்தை எடுத்துக் குடுத்து, சுத்துவட்டார அடகுக்கடை ரெஜிஸ்டரையும் அன்னைக்குத் தெரு கேமராவையும் பாக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, விரல்ரேகை எடுத்தாங்களான்னு கேளுங்க. நகை எங்கயாவது அடகுக்கோ உருக்கவோ போய்த்தான் ஆகும், அங்கதான் தேடணும்.

நாளைக்கே கூப்பிட்டா

ஃபோன்ல கூப்பிட்டா, "எழுத்துல நோட்டீஸ் குடுங்க சார், கண்டிப்பா வர்றேன்"னு மரியாதையாச் சொல்லுங்க. பெண்களையும், 60 வயசு தாண்டின ஆம்பளைங்களையும், 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்களையும், கடுமையான நோயில இருக்கிறவங்களையும் சாட்சியா விசாரிக்கணும்னா வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும், பிஎன்எஸ்எஸ் 179-வது பிரிவு. டெஸ்ட்டுப் பேச்சு எடுத்தா, "செல்வி தீர்ப்புப்படி மாஜிஸ்ட்ரேட் முன்னாடி என் வக்கீலோட வந்து பதில் சொல்றேன் சார்"ங்கிற ஒரு வரி போதும், வாதம் பண்ணாதீங்க, குரலை உயர்த்தாதீங்க. படிக்கத் தெரியாத பெரியவங்களா இருந்தா இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ண வச்சு அனுப்புங்க, கூட ஒருத்தர் போங்க.

ஏற்கனவே சம்மதப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்கன்னா பயப்படாதீங்க, சோதனை நடக்குறதுக்கு முன்னாடி சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு வக்கீல் வழியா அந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல மனு போட்டு, ஒரு காப்பியை எஸ்.பி. ஆபீஸுக்கு சேந்ததுக்கான ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, ரசீதைப் பத்திரமா வச்சுக்குங்க.